வெள்ளிக்கிழமை விழுந்த சிவப்பு

உக்காரும்மா. காபி வருது. வேண்டாம்னு மட்டும் சொல்லாத, எனக்குப் பிடிக்காது.

என்ன கேட்ட, திரும்பப் படி. ‘நகர்ப்புறப் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மையில் செயற்கை நுண்ணறிவை ஏற்றுக்கொள்ளப் பொதுமக்கள் எந்த அளவு தயாராக உள்ளனர்?’ அடேயப்பா, படிச்சு முடிக்கிறதுக்குள்ள மூச்சு வாங்குது. ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடணுமா? எங்க காலனிக்கா? இதுல சைபர் இல்லையே. சைபர் இல்லாம என்ன கேள்வித்தாள் போடுறீங்க உங்க காலேஜ்ல. முப்பத்தோரு வருஷம் எட்டாங்கிளாசுக்கு சயின்ஸ் எடுத்தவ நான். கனகவல்லி டீச்சர்னா இந்த ஏரியாவுல இஸ்திரிக்காரன்கூட நிமிந்து நிப்பான். நான் தாராளமா சைபர் போட்டிருக்கேன். சில பேருக்கு அதுவே அதிகம்.

இங்க வர்றதுக்கு முன்னாடி எத்தனை வீடு ஏறி இறங்கின? பன்னெண்டா? பன்னெண்டு பேரும் அஞ்சுக்கு அஞ்சு போட்டிருப்பாங்களே. ‘நாங்க ரெடி மேடம், நாடு முன்னேறணும் மேடம்’னு சொல்லியிருப்பாங்க. தெரியும் எனக்கு. பேப்பர்ல எழுதச் சொன்னா இந்த ஜனங்க எல்லாத்துக்கும் ரெடி. அந்தப் பேனாவ மூடி வை. முதல்லேருந்து சொல்றேன், கேளு.

இந்தக் காலனியில அறுபத்திரண்டு வீடு. நலச்சங்கத்துக்கு நான்தான் செகரெட்டரி. நாலு வருஷமா நான்தான். என்னை எதிர்த்து யாரும் நிக்கறதில்ல, நின்னா வேலை செய்யணுமே. ஆறு மாசம் முன்னாடி குப்பை எடுக்கற கம்பெனி எங்ககிட்ட வந்தாங்க. கான்ட்ராக்ட் கம்பெனி. நவநீதன்னு ஒரு எஞ்சினியர், நாப்பது வயசு இருக்கும், நல்ல மனுஷன், பேசினா மட்டும் பாதி புரியாது. குப்பை எடுக்கற பேட்டரி வண்டியில ஒரு கேமரா வைப்பாங்களாம். நாம பக்கெட்டைக் கவுக்கறப்ப அது பாக்கும். வாழைப்பழத் தோல் எது, பால் கவர் எது, ஷாம்பு பாக்கெட் எது, அதுவே பிரிச்சுத் தெரிஞ்சுக்கும். கலந்து போட்டா அந்த வீட்டுக்காரங்க போனுக்கு மெசேஜ் போயிடும், போட்டோவோட. இன்னொரு கேமரா வாய்க்கால் பாலத்துல. அங்க எவனாவது பிளாஸ்டிக்கை வீசினா அந்தத் தெருவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி விழும்.

நான் உடனே கையெழுத்துப் போட்டேன். ஊரே யோசிச்சுது, நான் யோசிக்கல. சயின்ஸ் டீச்சர் யோசிப்பாளா?

ஆரம்பிச்ச அன்னிக்கு நீ பாத்திருக்கணுமே கூத்த. பதினெட்டாம் நம்பர் பத்மஜா குப்பை போடறதுக்குப் பவுடர் பூசிக்கிட்டு, தலையில பூ வச்சுக்கிட்டு வந்து நிக்கறா. ‘ஏண்டி இது, கல்யாண வீடியோவா?’ன்னு கேட்டேன். ‘ரெக்கார்டு ஆகுதாமே டீச்சர்’ங்கறா. வைத்தியலிங்கம்னு ஒருத்தர் இருக்கார், ரிட்டயர்டு போலீஸ் இன்ஸ்பெக்டர், இவ்வளவு பெரிய மீசை. அந்த ஆளு பக்கெட்டைத் துண்டால மூடிக் கொண்டாந்து, முகத்தைத் திருப்பிக்கிட்டே கவுக்கறார். எத்தனை திருடனப் பிடிச்சாரோ, திருடன் மாதிரி நிக்கறது மட்டும் நல்லா வருது. கடைசி வீட்டுக்காரன் ஒருத்தன் கேமராவுக்கு முன்னாடி நின்னு, ‘அது அப்பளக் கவர் இல்லப்பா, அப்பளத்தோட வந்த கவர்’னு அதுகிட்டயே வாதாடறான். ஆயுத பூஜைக்கு யாரோ அதுக்குக் குங்குமம் வச்சு, லென்ஸ்ல ஒழுகி, ரெண்டு நாளைக்கு எல்லார் வீட்டுக் குப்பையும் தக்காளின்னு பதிவாச்சு. நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

மெசேஜ் வர ஆரம்பிச்சதும் அடுத்த கூத்து. மெசேஜ் வராம இருக்க என்ன பண்ணலாம்னுதான் அத்தனை மூளையும் வேலை செஞ்சுது. பிளாஸ்டிக்க வாங்காம இருக்கலாம்னு ஒரு மூளைக்கும் தோணல. வடைக் கவரைக் கொண்டுபோய் மச்சினிச்சி வீட்டுத் தெருவுல போட்டுட்டு வர்றாங்க. பஸ்ஸேறிப் போய்ப் போட்டுட்டு வர்றாங்கம்மா. இந்த அழகுல இவங்க தயாரான்னு கேக்கற.

குப்பை வண்டியிலேருந்து என் வீட்டுக்கு ஒரு மெசேஜ்கூட வந்ததில்ல. என் போனைப் பாரு, வேணும்னா. எங்க வீட்டுல பால் கவரைக் கழுவி, காய வச்சு, பத்துப் பத்தா மடிச்சுத்தான் போடுவேன். நவநீதனே சொன்னார், ‘டீச்சர் வீடுதான் மாடல் வீடு’ன்னு.

இப்ப பவுனு கதைக்கு வர்றேன். அதுக்குத்தான் இவ்வளவும்.

பவுனு எங்க தெருவுல குப்பை எடுக்கறவ. பதினோரு வருஷமா அவதான். புருஷன் போய்ச் சேந்து ஆறு வருஷம் ஆச்சு, பொண்ணு நர்சிங் ரெண்டாம் வருஷம். அந்த வேலைய விட்டா அவளுக்கு வேற கதி கிடையாது. நான் அவள நல்லாத்தான் வச்சிருந்தேன். தினமும் காபி உண்டு. கேட்டுப் பக்கத்துல அவளுக்குன்னே தனியா ஒரு டம்ளர் வச்சிருந்தேன், வீட்டுல வேற யாரும் அதைத் தொடக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன். எந்த வீட்டுல அவளுக்குன்னு டம்ளர் வச்சிருக்காங்க சொல்லு? போன வருஷம் தீபாவளிக்குச் சங்கத்துலேருந்து சேலை எடுத்துக் குடுத்தோம், பவுனுக்கும் பக்கத்துத் தெருவுல குப்பை எடுக்கற ரெண்டு பேருக்கும். ஊதாவுல மஞ்சள் பார்டர். மூணு எடுத்தா ஒண்ணு இலவசம்னாங்க. அந்த இலவசத்த நான் வச்சுக்கிட்டேன். கடை கடையா அலைஞ்சது நான்தானே. ஆனா வெளிய கட்டினா பவுனு சேலைம்பாங்க, அதனால விடிகாலைப் பூஜைக்கு மட்டும் கட்டிப்பேன்.

மூணு மாசம் முன்னாடி பவுனு வந்து கேட்டுக்கிட்ட நின்னா. காபிய எடுக்கல. ‘டீச்சர், எனக்குப் பயமா இருக்கு’ன்னா. என்னடின்னேன். பாலம் அவ எல்லைக்குள்ள வருதாம். அங்க விழற சிவப்பெல்லாம் அவ பேர்லதான் ஏறுமாம். ஒரு மாசத்துல நாலு சிவப்பு விழுந்தா ஆளை மாத்திடுவாங்களாம். போன மாசம் மூணு விழுந்துடுச்சாம்.

‘மெஷின் வந்ததுக்கப்புறம் ரெண்டு ஆள் வேலைக்கு ஒரு ஆள் போதும்னு சொல்றாங்க டீச்சர். யாரை எடுக்கலாம்னுதான் பாத்துக்கிட்டு இருக்காங்க. வெள்ளிக்கிழமை தவறாம யாரோ போடறாங்க. விடிஞ்சும் விடியாமயும். நீங்க சங்கத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.’

எனக்கு வந்துதே ஒரு கோவம். ஒரு ஏழை பொம்பளை வயித்துல அடிக்கறானே எவனோ! ‘நீ போடி, நான் பாத்துக்கறேன்’னேன். அன்னிக்கே ஒரு நோட்டீஸ் எழுதி அறுபத்திரண்டு வீட்டுலயும் போட வச்சேன். ‘வாய்க்காலில் குப்பை வீசும் மனிதப் பதரே’ன்னு ஆரம்பிச்சிருந்தேன். நல்ல தமிழ். பத்மஜா படிச்சுட்டு, ‘பதர்னா என்ன டீச்சர்?’ன்னு கேட்டா. நீதாண்டின்னு சொல்ல வந்து அடக்கிக்கிட்டேன்.

அதோட விட்டேனா. நானே காவலுக்குப் போனேன். இந்த முழங்கால் வலியோட. திங்கக்கிழமை போய் நின்னேன், யாரும் வரல. புதன்கிழமை நின்னேன், ஒரு பிரியாணிக் கடைக்காரன் பாலத்துல பைக்கை நிறுத்தினான். நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். அவன் செயின் கழண்டுடுச்சுன்னு நிறுத்தியிருக்கான், பாவம். வெள்ளிக்கிழமை காவலுக்கு நிக்க எனக்கு ஏது நேரம்? வெள்ளிக்கிழமை பூஜை. ஆனாலும் விடிகாலைல அந்தப் பாலத்துக்கு ஒரு நடை போயிட்டு வருவேன், சாமிப் பூவ விடறதுக்கு. அப்ப சுத்தி முத்திப் பாப்பேன். ஒரு ஈ காக்கா இருக்காது.

என்ன பாக்கற? சாமிக்குப் போட்ட பூவைக் குப்பையிலயா போடுவாங்க? உங்க வீட்டுல போடுவீங்களா? கால் படாத இடத்துல சேக்கணும். அந்தக் காலத்துல கிணத்தடி இருந்துது, இப்ப எங்க இருக்கு கிணறு. ஓடற தண்ணியில விடறதுதான் முறை. வாரம் பூரா சேந்த பூவ ஒரு துணிக்கடைக் கவர்ல போட்டு, காத்து போகாம ரெண்டு முடிச்சுப் போட்டு விடுவேன். சும்மா கொட்டினா கரையில ஒதுங்கும், நாலு பேர் மிதிப்பான். முடிச்சுப் போட்டு விட்டா நேரா போயிடும். முப்பது வருஷமா அப்படித்தான். மறைச்சா செஞ்சேன்? அதை ஒரு நாளும் நான் குப்பைன்னு நெனச்சதில்ல. நெனச்சாத்தானே கணக்குல வரும்.

சரி, கேளு. மூணு வாரத்துல நாலாவது சிவப்பும் விழுந்துடுச்சு. ஒரு வெள்ளிக்கிழமை ரெண்டு விழுந்துதாம். நவராத்திரி முடிஞ்ச வாரம், பூ ஜாஸ்தி. நான் நவநீதனைக் கூப்பிட்டு, ‘படத்தைக் கொண்டாங்க, ஊரார் முன்னாடி போட்டுக் காட்டுவோம், எந்த நாயின்னு தெரிஞ்சுடும்’னேன். அவர்தான் தயங்கினார். முகம் விழலயாம், முதுகுதான் விழுந்திருக்காம். முதுகு போதும்னேன். எட்டாங்கிளாஸ்ல கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டே பின்னாடி பேசறது யாருன்னு சொல்றவ நான், ஒரு முதுகு தெரியாதா எனக்கு?

ஞாயித்துக்கிழமை சாயந்தரம் கல்யாண மண்டபத்துல கூட்டம். டிவியில போட்டார். பாலம் தெரியுது. பனி. ஒரு பொம்பளை நடந்து வர்றா. கையில கவர். கம்பிக்கிட்ட வந்து, சாமி கும்பிடற மாதிரி ரெண்டு கையையும் தூக்கி, உள்ள விட்டுட்டுத் திரும்பாம கேமராவுக்கு முதுகக் காட்டிக்கிட்டே அந்தப் பக்கம் போயிடறா. அவ்வளவுதான் படம்.

நான் எந்திரிச்சு நின்னுட்டேன். ‘நடையப் பாருங்க நடையை, பூமி அதிருது. திமிரு! கொசுவம் ஒரு பக்கம், முந்தானை ஒரு பக்கம், சேலை கட்டத் தெரியல, குப்பை போட மட்டும் தெரியுது. இந்த உடம்ப வச்சுக்கிட்டு இவ்வளவு தூரம் நடந்து வந்து போடறான்னா எவ்வளவு கொழுப்பு இருக்கணும்’னு கேட்டேன்.

மண்டபத்துல அறுபது எழுபது பேர். இன்ஸ்பெக்டர் மீசையத் தடவிக்கிட்டுத் தரையப் பாக்கறார். பத்மஜா முந்தானைய வாயில வச்சுக்கிட்டு இருமறா. எனக்கு அப்பத்தான் சேலை கண்ணுல பட்டுது. ஊதா. மஞ்சள் பார்டர்.

நான் பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்த சேலை. அவளுக்காக நான் பிரியாணிக் கடைக்காரன்கிட்ட சண்டை போட்டிருக்கேன். ‘பவுனு’ன்னு ஒரு சத்தம் போட்டேன். அவ மண்டபத்து வாசல்ல செருப்புக்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தா. உள்ள வந்தா.

‘ஏண்டி, இது யாரு?’

படத்தை இன்னொரு தடவை போட்டார் நவநீதன். அவ பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா.

‘அது நான் இல்ல டீச்சர்.’

‘சேலை யாருது?’

‘என் சேலை பெட்டியில இருக்கு டீச்சர். நான் இன்னும் ஒரு தடவைகூடக் கட்டல.’

‘பெட்டியிலேருந்து எடுத்துக் கட்ட எத்தனை நிமிஷம் ஆகும்? அப்ப யாருன்னு நீயே சொல்லு. உனக்குத் தெரியாம உன் எல்லையில யாரு நடப்பா? சொல்லேன். யாரு?’

அவ கைய இப்படிப் பிசைஞ்சுக்கிட்டு நின்னா. கண்ணு தளும்பிடுச்சு. அப்பவும் என்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தா. ‘எனக்குத் தெரியாது டீச்சர்’னா. அவளை வேலையில வச்சுக்கறதா வேண்டாமான்னு சங்கத்துலேருந்து ஒரு கடுதாசி குடுக்கணும், அதுல கையெழுத்து என்னுது. அது அவளுக்குத் தெரியும். நான் என்ன நெனச்சேன்? பொய் சொல்றவ, அதான் முழிக்கறான்னு நெனச்சேன். எத்தனை பிள்ளைங்க முழிய பாத்தவ நான்.

கடுதாசிய அங்கயே எழுதினேன். ‘மேற்படி பணியாளரே வாய்க்காலில் கழிவை வீசியது சங்கத்தாரால் கண்டறியப்பட்டது.’ பிழையே இல்லாம எழுதிக் குடுத்தேன். சங்கத்தார் எல்லாரும் கீழ கையெழுத்துப் போட்டாங்க. ஒருத்தர் விடாம போட்டாங்க. இன்ஸ்பெக்டர் முதல் கையெழுத்து. மறுநாள் காலைல வண்டியில வேற ஒருத்தன் வந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் சிவப்பு விழுந்துடுச்சு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘பாத்தீங்களா, வேலைய விட்டு எடுத்தும் அடங்கல, பழிவாங்க வந்து போடறா’ன்னேன். ஆமாம், சொன்னேன். சிரிக்காத. அப்பவும் ஒருத்தன் வாயத் திறக்கலயே! நவநீதன் கேமராவ எதிர்ப்பக்கம் மாட்டினார். இந்தத் தடவை முகம் விழும், எந்த வீடுன்னு மெஷினே கண்டுபிடிச்சு அந்த வீட்டுக்கு மெசேஜ் போட்டுடும்னார். மாட்டுங்க, நல்லா மாட்டுங்கன்னு நான்தான் ஏணியப் பிடிச்சுக்கிட்டேன்.

அதுக்கடுத்த வெள்ளிக்கிழமை, பூஜை முடிச்சு இட்லி வச்சுக்கிட்டு உக்காந்தேன். போன் கத்துச்சு. ‘வீட்டு எண் நாலு. நீர்நிலையில் பிளாஸ்டிக் பை வீசப்பட்டுள்ளது.’ கீழ போட்டோ. நான். என் மூக்குத்தி, என் கண்ணாடி, கையத் தூக்கிக்கிட்டு நிக்கறேன். ஊதா சேலை.

எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்துது. முட்டாள் மெஷின்! சாமிப் பூவக் குப்பைங்குது. அதுக்கு பக்தியும் தெரியாது, பண்பாடும் தெரியாது, கவர் மட்டும்தான் தெரியும். நேரா நவநீதனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ‘மெஷின் உள்ள இருக்கறதப் பாக்காது டீச்சர், வெளிய இருக்கறதத்தான் பாக்கும். கவர் பிளாஸ்டிக்தானே?’ன்னார். அப்புறம் அவரே கேட்டார். ‘டீச்சர், பழைய படத்துல இருந்ததும்...?’ நான் போனை வச்சுட்டேன்.

இட்லி அப்படியே இருந்துது. அன்னிக்கு நான் சாப்பிடல.

மத்தியானம் பத்மஜா வீட்டுக்குப் போனேன். ‘உனக்குத் தெரியுமாடி?’ன்னேன். எதுன்னுகூட அவ கேக்கல. ‘எல்லாருக்கும் தெரியும் டீச்சர். உங்க நடை யாருக்குத் தெரியாது’ங்கறா. அறுபது பேர்! அறுபது பேருக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த மண்டபத்துல உக்காந்து அத்தனை பேரும் வாயில கொழுக்கட்டைய வச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. கோழைங்க. ஒரு பொம்பளை வேலை போகுது, நெஜம் தெரியும், கையெழுத்துப் போடறான் பாரு கீழ. இன்ஸ்பெக்டராம்! ‘ஏண்டி சொல்லல?’ன்னேன். ‘சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்கன்னு பயம் டீச்சர்’ங்கறா. என்ன சொல்லியிருப்பேன்? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? நான் ஞாயமான மனுஷிதானே?

அதோட முடியல. அந்த வாரமே எல்லாரும் ஒரு மனு எழுதிக்கிட்டு வந்தாங்க, பாலத்துக் கேமராவ எடுக்கச் சொல்லி. ஏன் தெரியுமா? புதுசா மாட்டின பக்கத்துலேருந்து பாத்தா, பழைய கேமராவுக்குத் தெரியாம மறுகரையில போட்டுக்கிட்டு இருந்த அத்தனை பேரு முகமும் விழுது. ஒருத்தன் திருஷ்டிப் பூசணிய கவரோட போடறான். ஒருத்தி தலை முடிய முடிஞ்சு போடறா. இன்ஸ்பெக்டர் அவங்க அப்பா திதிக்குப் பிண்டத்த பிளாஸ்டிக் டப்பாவோட விடறார். எதுவுமே குப்பை இல்லயாம்! எல்லாம் சாஸ்திரமாம். இவங்களும் நானும் ஒண்ணா? நான் பூவை விட்டேம்மா.

அந்த மனுவுல நான் கையெழுத்துப் போட்டேனான்னு கேக்கறியா? போட்டேன். செகரெட்டரி போடாம எப்படி?

இப்ப அந்தப் பாலத்துல கேமரா இல்ல.

போன வெள்ளிக்கிழமை நடந்ததுதான் என் மனசுல கிடந்து அறுக்குது. அதை உங்கிட்ட மட்டும் சொல்றேன், நீ வெளியூர். வழக்கம்போல போனேன். பாலத்துல பவுனு நிக்கறா. வேலை இல்ல அவளுக்கு. இப்ப ஒரு மண்டபத்துல பாத்திரம் கழுவப் போறாளாம், கூப்பிட்டா உண்டு, கூப்பிடலன்னா இல்ல. பொண்ணு நர்சிங்க நிறுத்திட்டுத் துணிக்கடையில நிக்குதாம். அன்னிக்குப் பவுனு எதுக்கு அங்க வந்தாளோ, என்னைப் பாக்கத்தான் வந்திருக்கணும். கத்தப் போறா, ஊரைக் கூட்டப் போறான்னு நெனச்சேன். கத்தியிருக்கலாம் அவ.

கிட்ட வந்தா. ‘குடுங்க டீச்சர்’னு என் கையிலேருந்து கவர வாங்கினா. என்னைக் கேக்கவே இல்ல. முடிச்ச அவுத்தா. ரெண்டு முடிச்சு, நகத்தால மெதுவா அவுத்தா. குனிஞ்சு பூவ மட்டும் தண்ணியில விட்டா, ஒண்ணுகூட கரையில ஒதுங்காம, நடுவுல ஓடற தண்ணியாப் பாத்து. அப்புறம் கவர உதறினா. நாலா மடிச்சு என் கையில வச்சா.

‘இவ்வளவுதான் டீச்சர். இதைக் கையில எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிருந்தீங்கன்னா, எம் பொண்ணு இன்னைக்குப் பரிட்சை எழுதியிருக்கும்.’

அவ்வளவுதான் சொன்னா. போயிட்டா. சத்தம்கூட உயரல.

முப்பத்தோரு வருஷம் சயின்ஸ் சொல்லிக் குடுத்தவளுக்கு, ஒரு கையெழுத்து போடத் தெரியாதவ பாடம் எடுத்துட்டுப் போறா. எனக்கு ஆத்திரமா வருது. யாரு மேலன்னு தெரியல. ராத்திரி எல்லாம் தூக்கம் இல்ல, வெக்கமா இருக்கு. போதுமா? சொல்லிட்டேன். வெக்கமாத்தான் இருக்கு.

நேத்து நவநீதன் கூப்பிட்டார். அவ இடத்துக்குத் திங்கக்கிழமை ஆள் நிரந்தரமா போடறாங்களாம். அதுக்குள்ள சங்கத்துலேருந்து ஒரு கடுதாசி வந்தா அவள எடுத்துக்குவாங்களாம். ஆனா சும்மா அவ இல்லன்னு எழுதினா செல்லாதாம். சிவப்பு அவ பேர்ல ஏறிடுச்சாம். அதை இறக்கணும்னா வேற ஒரு பேர்ல ஏத்தணுமாம். யாருன்னு பேர் போட்டு எழுதணும். எழுதின கடுதாசிய நோட்டீஸ் போர்டுல ஒரு மாசம் ஒட்டி வைக்கணும், அது அவங்க சட்டம். மண்டப வாசல்ல. நான் நோட்டீஸ் ஒட்டற அதே போர்டுல.

இன்னைக்குச் சனிக்கிழமை. காலைல ஆறு மணிக்கு உக்காந்தேன். அதோ இருக்கு பாரு பேப்பர், மேஜை மேல. எடு, படி. ‘படத்தில் காணப்படுபவர் பணியாளர் பவுனு அல்லர்.’ நல்லா வந்திருக்குல்ல? அடுத்த வரி எழுதணும். உங்க காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தர்றாங்கல்ல, எப்படி எழுதறதுன்னு. நீ படிச்ச பொண்ணு. ‘யாரோ ஒரு பெண்மணி’ன்னு போட்டா போதாதா? ‘வயதான ஒரு பெண்மணி, பக்தியின் காரணமாக’ன்னு போட்டா? நவநீதன் புரிஞ்சுக்க மாட்டாரா?

ஏம்மா, என்னையே பாக்கற? காபி ஆறுது பாரு. வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லேன். நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? யாரோ ஒரு பெண்மணின்னு போட்டா போதாதா?